ஒரு தளத்திலாவது விளக்கை அணையுங்கள்: உல்லாசக் கப்பல் நடத்துகிறவர்களுக்கு ஒரு பழைய ஸ்டோக்கரின் திறந்த மடல்

உல்லாசக் கப்பல் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும், நம் ஊர்த் துறைமுகங்களிலிருந்து இன்னும் நிறையக் கப்பல் விடத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் இந்தியக் கடற்படையில் 15 வருடம் ஸ்டோக்கராக இருந்தவன். கப்பலின் பாய்லரைக் கவனிக்கிறவனுக்கு, கரி அள்ளிப் போட்டு நீராவி எடுத்த காலத்தில் வைத்த பேர் அது, கரி போய் ஃபர்னஸ் ஆயில் வந்த பிறகும் பேர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. செய்யாறு பக்கத்துக் கிராமம். 1982-இல் சேரும்வரை கடலையே பார்த்ததில்லை, மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் எங்களுக்கு அதுதான் கடல். ஒடிசாவில் ஐஎன்எஸ் சில்கா, லோனாவ்லாவில் ஐஎன்எஸ் சிவாஜி என்று பயிற்சி முடித்து (லோனாவ்லா மலைமேல் இருக்கிறது, கடற்படைக்காரனுக்கு மலையில் பயிற்சி, அது ஒரு கூத்து), கப்பல் கப்பலாக மாறி, அதில் மூன்று வருடம் விராட் என்ற விமானம்தாங்கிக் கப்பலில் கழித்து, 1997-இல் பெட்டி ஆபீசராக வெளியே வந்தேன். அப்புறம் 25 வருடத்துக்கும் மேல் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர். பாதி ஆயுசு கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டம் பார்த்தே போய்விட்டது.

போன பிப்ரவரியில்தான் முதன்முறையாகக் காசு கொடுத்துக் கப்பல் ஏறினேன். அதற்கு முன்னால் கப்பல்தான் எனக்குக் காசு கொடுத்தது. முன்னாள் படைவீரர் சங்கத்தில் விஷயத்தைச் சொன்னதும், கூட வேலை பார்த்த ஒருவர், "ஏம்ப்பா, ஜெயில்ல இருந்து விடுதலையானவன் வாடகை கொடுத்து மறுபடி அங்கேயே போய்த் தங்குவானா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

யோசனை என்னுடையது அல்ல. மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். எனக்கு 60 முடிந்ததும் திருக்கடையூரில் மணிவிழா நடந்தது, அது முடிந்த கையோடு அவளும் மருமகனும் சேர்ந்து எங்கள் இருவருக்கும் மூன்று ராத்திரிக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூர் மரினா பே முனையத்தில் ஏறி, மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு போய்த் திரும்புகிற கப்பல். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, நான் கேட்பது உங்கள் எல்லோரிடமும்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிழவன் குறை சொல்லவே கிளம்பிவிட்டான் என்பீர்கள். கப்பல் அருமை. விராட் 226 மீட்டர், அதைப் பெரிய கப்பல் என்று நினைத்து வாழ்ந்தவன் நான், இது அதைவிட நூறு மீட்டருக்கும் மேல் நீளம். அறையில் குழாயைத் திறந்தால் எத்தனை நேரம் நின்றாலும் தண்ணீர் கொட்டுகிறது. எங்கள் காலத்தில் குளிக்கிற தண்ணீருக்கு நேரம் குறித்திருப்பார்கள். ஆவியாக்கிகளில் கடல்நீரைக் காய்ச்சி எடுக்கிற நல்ல தண்ணீரில் பாய்லருக்குத்தான் முதல் பங்கு, மனிதனுக்கு மிச்சம். சோப்புப் போட்டு நிற்கும்போது தண்ணீர் நின்றுபோய் அப்படியே துண்டால் துடைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போன நாள் எத்தனையோ. அந்தப் பழக்கத்தில் முதல் நாள் மூன்று நிமிடத்தில் குளித்துவிட்டு வெளியே வந்தேன். "என்னங்க, குளிச்சீங்களா இல்லையா?" என்று வீட்டுக்காரம்மா கேட்டாள்.

அபாயப் பயிற்சியையும் பாராட்டத்தான் வேண்டும். ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல், எல்லோரும் அவரவர் கூடுமிடத்துக்கு வரவேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள் இல்லையா, அப்போது அன்று ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ இதை முடித்தாக வேண்டும் என்று விதி இறுகியது. இப்போது பாதியைப் போனில் வீடியோ பார்த்து முடித்துவிடுகிறார்கள். நான் மட்டும் விறைப்பாக நின்று கேட்டேன், பக்கத்தில் ஒரு பையன் லைஃப் ஜாக்கெட் படத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்டோக்கர் என்பவன் கடலில் இருப்பான், ஆனால் கடலைப் பார்க்கமாட்டான். பாய்லர் ரூம் நீர்மட்டத்துக்குக் கீழே. சன்னல் கிடையாது. அரபிக்கடலா வங்காள விரிகுடாவா என்பது எங்களுக்குச் சூட்டில்தான் தெரியும், உள்ளே வருகிற கடல்நீர் வெதுவெதுப்பாக இருந்தால், நீராவியை மறுபடி தண்ணீராக்குகிற கண்டென்சரில் வெற்றிடம் குறையும், அதை வைத்துத் தெற்கே போகிறோம்போல என்று பேசிக்கொள்வோம். நள்ளிரவு 12-லிருந்து 4 வரை ஒரு டியூட்டி முறை இருக்கிறதே, மிடில் வாட்ச், அதுதான் மனிதனைக் கொல்கிற வாட்ச். தூங்கப் போய் ஒரு மணி நேரத்தில் எழுப்புவார்கள், முடித்துவிட்டுப் படுத்தால் ஆறு மணிக்கு மறுபடி எழுப்புவார்கள். பர்னர் இரைச்சலில் என் இடது காது அப்போதே பாதி போய்விட்டது.

ஆனால் அந்த வாட்சுக்கு ஒரு கூலி இருந்தது. நாலு மணிக்கு அடுத்தவன் வந்து பொறுப்பேற்றதும் ஏணி ஏணியாக ஏறிப் பின்பக்கம் குவார்ட்டர் டெக்குக்கு வருவேன். வேர்வையில் நனைந்த சட்டையோடு அந்தக் காற்றில் நிற்கும்போது உடம்பே வேறாகிவிடும். போர்க்கப்பலில் சூரியன் மறைந்ததும் 'டார்க்கன் ஷிப்' என்று அறிவிப்பார்கள். வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் கசியக்கூடாது, சன்னல் வட்டங்களுக்கெல்லாம் இரும்பு மூடி, உள்ளே நடைவழிகளில் சிவப்பு விளக்கு மட்டும். சிவப்பு ஏனென்றால், இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் அத்தனையும் வீண், மங்கலான சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது. அந்த இருட்டில் நிற்கும்போது தலைக்குமேல் வானம் எப்படி இருக்கும் என்று நான் எழுதிக் காட்ட முடியாது. நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே இடமே இருக்காது. கீழே புரொப்பெல்லர் கிளறிவிட்ட தண்ணீரில் சில ராத்திரிகளில் பச்சையாக ஒரு வெளிச்சம் எழும்பி, கப்பல் போன வழி முழுக்கக் கோடாகக் கிடக்கும். முதல்தடவை பார்த்தபோது எண்ணெய் கசிந்து பற்றிக்கொண்டதோ என்று பயந்தே போனேன். ஸ்டோக்கர் புத்தி.

இதை 1988-இல், கல்யாணம் ஆன புதிதில், வீட்டுக்காரம்மாவுக்கு இன்லேண்ட் லெட்டரில் எழுதினேன். அந்தப் பக்கம் வருகிற தபால் எல்லாம் பம்பாய் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் முகவரிக்குத்தான் வரும், அங்கிருந்து கப்பல் எங்கே இருக்கிறதோ அங்கே தேடி வந்து சேரும். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மாடு கன்று போட்டது, அப்பாவுக்கு இருமல், சீட்டுப் பணம் கட்டியாயிற்று எல்லாம் எழுதிவிட்டு ஓரத்தில் குறுக்காக ஒரு வரி: "தண்ணி எரியுதுன்னு எழுதி இருக்கீங்க, ராத்திரி டியூட்டியில ரம்மு குடுக்கறாங்களா?"

அவள் அதை நம்பியது 2019 ஆகஸ்டில். திருவான்மியூரிலிருந்து ஈஞ்சம்பாக்கம் வரை ஒரு ராத்திரி அலையெல்லாம் நீலமாக மின்னியது ஞாபகம் இருக்கிறதா, நாக்டிலூகா என்ற நுண்ணுயிரி என்று பேப்பரில் போட்டார்களே. அந்த வீடியோ அவள் போனுக்கு வந்தது. ராத்திரி 11 மணிக்கு என்னை எழுப்பிக் காட்டினாள். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம், "அப்ப நீங்க எழுதினது நெசந்தானா" என்றாள். 31 வருடம்! மறுநாளே அங்கே போனோம், அன்றைக்கு அலை சாதாரண அலையாகத்தான் இருந்தது.

ஆக, மகள் கப்பல் டிக்கெட் என்றதும் அவளுக்கு வேறு எதுவும் மனதில் இல்லை. பாட்டுக் கச்சேரி, மாயாஜாலம், பதினைந்து வகைப் பலகாரம் எல்லாம் அவளுக்குப் பொருட்டே இல்லை. "ராத்திரி மேல போய் நிக்கணும்ங்க. நீங்க நின்ன மாதிரி." அதற்காகவே ஒரு ஸ்வெட்டர் எடுத்து வைத்தாள். நிலநடுக்கோட்டுப் பக்கம் எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்டேன். அவள் கேட்கவில்லை.

முதல் ராத்திரி பத்து மணிக்கு மேல்தளத்துக்குப் போனோம். நீச்சல் குளத்துக்குமேல் ஒரு பெரிய திரை, அதில் யாரோ குதித்து ஆடுகிறார்கள், ஸ்பீக்கரின் அடி என் கெட்ட காதிலேயே விழுகிறது. கம்பிக்குக் கம்பி வெள்ளை விளக்கு. ஓரத்துக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தால் கப்பலின் விளக்கொளியில் நுரை தெரிகிறது, அதற்கு அப்பால் கருப்புத் துணி கட்டின மாதிரி. வானமும் அப்படியே. பின்பக்கம் போனோம், அங்கே மதுக்கடை. முன்பக்கம் போனோம், கயிறு கட்டி 'ராத்திரி அனுமதி இல்லை' என்று பலகை. கீழே உயிர்காப்புப் படகுகள் தொங்குகிற நடைபாதைக்கு இறங்கினோம், அங்கே பாட்டு இல்லை, ஆனால் ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி வெளிச்சம். அவள் முழங்கால் வலியோடு நாலு தளம் ஏறி இறங்கினாள், லிஃப்டில் கூட்டம். கடைசியில் அறைக்கு வந்தோம். எங்களுடையது உள்ளறை, சன்னல் இல்லாதது. விளக்கை அணைத்ததும் கும்மிருட்டு. "இந்தக் கப்பல்லயே இங்கதான் இருட்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முன்பக்கத்தை ஏன் அடைக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். கப்பலை ஓட்டுகிற மேடையான பிரிட்ஜில் இருக்கிறவர்களுக்கு எதிரே வெளிச்சம் கூடாது. அங்கே அதிகாரி இருட்டில்தான் நிற்பார், கருவிகளின் வெளிச்சத்தைக்கூடக் குறைத்து வைத்திருப்பார், இல்லாவிட்டால் எதிரே வருகிற கப்பலின் விளக்குக் கண்ணில் படாது. மலாக்கா நீரிணை மாதிரி உலகத்தின் மிக நெரிசலான கடல்வழிகளில் ஒன்றில், சிங்கப்பூர் அருகே மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாகக் குறுகுகிற இடத்தில், அது உயிர்ச் சமாச்சாரம். ஆக உங்கள் கப்பலிலும் இருட்டு இருக்கிறது. ராத்திரிக் கடலைக் கடலாகப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். டிக்கெட் வாங்கின நாலாயிரம் பேரில் ஒருவரும் அதில் இல்லை, அவ்வளவுதான்.

நான் கேட்பது இதுதான். ஒரே ஒரு தளம், முழுத்தளம் வேண்டாம், பின்பக்கத்தில் ஒரு பகுதி. ராத்திரி 10 மணியிலிருந்து விடியற்காலை வரை அங்கே வெள்ளை விளக்கு, ஸ்பீக்கர், திரை எதுவும் வேண்டாம். கால் மட்டத்தில் மங்கலான சிவப்பு விளக்கு போடுங்கள், தடுக்கி விழமாட்டார்கள். நாலு பெஞ்சு. நுழைகிற இடத்தில் இரட்டைத் திரை போட்டால் உள் வெளிச்சம் கசியாது, போர்க்கப்பலில் கான்வாஸில் கட்டுவோம், உங்களுக்கு அதைவிட அழகாகச் செய்யத் தெரியும். போனை எடுக்காதீர்கள் என்று ஒரு பலகை வையுங்கள், அதை யாரும் கேட்கமாட்டார்கள், இருந்தாலும் வையுங்கள்.

பாதுகாப்பு என்பீர்கள். நியாயம்தான். குடித்தவர்கள் இருக்கிறார்கள், குழந்தைகள் இருக்கிறார்கள், யாராவது கம்பியைத் தாண்டினால் என்ன செய்வது? ஒரு ஆளை நிறுத்துங்கள். உடம்புச் சூட்டை வைத்து இருட்டில் ஆளைக் காட்டுகிற கேமரா இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது. அவசரம் என்றால் ஒரு சுவிட்சில் எல்லா விளக்கும் எரியட்டும். நான் சொல்வது அணைத்து வைக்கிற விளக்கை, பிடுங்கிப்போடுகிற விளக்கை அல்ல.

செலவு என்றும் சொல்லலாம். விளக்கை அணைக்க என்ன செலவு? அந்த நேரத்துக்கு அந்த மூலையில் விற்காமல் போகிற நாலு கோப்பை மதுவா? அதையும் வசூலித்துவிடுவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை உண்டு. கடைசி நாள் பில்லில் தலைக்கு நாளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் சேர்ந்து வந்ததைப் பார்த்தவன் நான். அதையும் டிக்கெட் எடுக்கும்போது பெரிய எழுத்தில் போடலாம், ஆனால் இந்த மடல் அதற்கு அல்ல.

அந்தக் கட்டணம் எனக்கு வலிக்கவில்லை, ஏனென்றால் வாங்குகிறவர்களைப் பார்த்தேன். எங்கள் மேசையில் பரிமாறிய பையன் நாகர்கோவில் பக்கம். ஒன்பது மாத ஒப்பந்தம், ஏழாவது மாதம் நடக்கிறது. 2006-இல் கொண்டுவந்த கடல்தொழிலாளர் சாசனப்படி ஒரு நாளைக்குக் குறைந்தது 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு தரவேண்டும். அந்த 77 மணி நேரத்தில் துணி துவைக்கவேண்டும், வீட்டுக்குப் போன் பண்ணவேண்டும், தூங்கவும் வேண்டும். நான் கடற்படை என்று தெரிந்ததும் "அய்யா" என்று ஆரம்பித்தவன், ஸ்டோக்கர் என்றதும் "அண்ணே" ஆகிவிட்டான். எஞ்சின் ரூமைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அனுமதியில்லை என்றான், சங்கடத்தோடு. மறுநாள், எஞ்சின் பிரிவில் இருக்கிற நண்பனிடம் கேட்டு வந்து சொன்னான்: பாய்லர் நீராவியில் ஓடுகிற கப்பல் இல்லையாம், டீசல் எஞ்சின் மின்சாரம் எடுக்கிறது, அடியில் தொங்குகிற பெரிய குடுவைக்குள் மோட்டார், அது புரொப்பெல்லரோடு சேர்ந்து முழுவட்டமாகத் திரும்புமாம், தனியாகச் சுக்கானே கிடையாதாம். இரண்டு கையையும் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அந்த மூன்று நாளில் எனக்குக் கிடைத்த நல்ல பொழுதுபோக்கு அதுதான். "நீ ராத்திரி வெளியே வந்து கடலைப் பார்த்திருக்கியாப்பா?" என்று கேட்டேன். வேலையாட்களுக்கு முன்மூக்கில் சின்ன இடம் ஒதுக்கியிருக்கிறது, ஆனால் வேலை முடிந்தால் படுக்கைதான் ஞாபகம் வரும் அண்ணே என்றான். எனக்கு அது தெரியாதா என்ன!

பினாங்கில் இறங்கினோம். துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் குட்டி இந்தியா, பூக்கடையும் பாத்திரக்கடையுமாக நம் ஊர் மாதிரியே. அவள் மல்லிகை வாங்கினாள், நான் நாசி கண்டார் சாப்பிட்டேன். எதிர்க்கரையில் கொஞ்சம் வடக்கே போனால் கெடா, நம் கடாரம், 1025-இல் ராஜேந்திர சோழன் படை வந்த இடம். இருட்டில் ஆறாமீனும் அகத்தியர் விண்மீனும் பார்த்துக்கொண்டு பாய்மரத்தில் வந்திருப்பார்கள். கப்பலில் அன்று மாலை ஒலிபெருக்கியில் சொன்னது பிங்கோ ஆட்டம் எட்டு மணிக்கு என்பது மட்டும்.

வீட்டில் நான் இன்னமும் நாலு மணிக்கு எழுந்துவிடுகிறேன், 28 வருடமாக எந்த வாட்சும் இல்லை, உடம்புக்கு அது தெரியவில்லை. எழுந்து மொட்டைமாடிக்குப் போவேன். தாம்பரத்தில் வானம் என்பது ஆரஞ்சு நிறத்தில் ஒரு மூடி, அதில் விடிவெள்ளி தெரிந்தால் பெரிய விஷயம், மற்றபடி மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்கள்தான். பால் வாங்கி, காபி போட்டு, மாதம் ஒருமுறை படைவீரர்களுக்கான சி.எஸ்.டி. கேன்டீன் வரிசை, மாதம் ஒருமுறை முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ்.-இல் மருந்து வரிசை, நவம்பர் வந்தால் உயிரோடு இருக்கிறேன் என்று சான்றிதழ். சூட்டில் வேலை பார்த்த கை, ரேகை தேய்ந்துபோய் மெஷினில் பதியவே பதியாது, மூன்று வருடம் அதில் அல்லாடினேன். 2021-இல் முகத்தைக் காட்டினால் போதும் என்று மாற்றினார்கள், அப்பாடா என்றிருந்தது. ஒரு சின்ன மாற்றம், யாரோ ஒரு அதிகாரி ரேகை இல்லாதவர்களும் இருக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறார். அந்தத் தைரியத்தில்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயில் ஸ்பீக்கருக்கு நான் எதிரி இல்லை. ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் வருகிறவர்கள் ஆடட்டும், அவர்கள் காசும் காசுதான்.

நம் அதிகாரிகளுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து முதல் உல்லாசக் கப்பலை முதல்வர் கொடியசைத்து அனுப்பினார். 2024 செப்டம்பரில் குரூஸ் பாரத் மிஷன் என்று ஒன்றைத் தொடங்கி, 2029-க்குள் பயணிகளை இரட்டிப்பாக்குவோம் என்கிறீர்கள். நல்லது. மலாக்காவில் இரண்டு பக்கமும் ஊர் வெளிச்சம், புகைமூட்டம் வேறு. வங்காள விரிகுடாவில் சென்னையை விட்டு ஒரு ராத்திரி போனால் அப்படி ஒரு இருட்டு கிடைக்கும், நான் நின்றிருக்கிறேன். அனுமதிக் காகிதத்தில் எத்தனையோ நிபந்தனை போடுகிறீர்கள், இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கடைசி ராத்திரி நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மூன்றரைக்கு அவளே என்னை எழுப்பினாள். படகுகள் தொங்குகிற நடைபாதையில் பின்பக்கமாகப் போனபோது ஒரு விளக்கு ஃபியூஸ் போயிருந்தது. ஒன்றே ஒன்று. அந்த எட்டடி இடத்தில், இரண்டு பக்க வெளிச்சத்துக்கும் முதுகைக் காட்டி, கையைக் கண்ணுக்குப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்றோம். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் தெற்கே அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே நாலு நட்சத்திரம் சாய்ந்த சிலுவை மாதிரி தெரிந்தது. தென்சிலுவை. காட்டினேன். "எங்க, எங்க" என்று என் விரலோடு தலையைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள். ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பாதுகாவலர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். ரொம்ப மரியாதையான பையன். இங்கே இருட்டாக இருக்கிறது, மன்னிக்கவேண்டும், எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லியாயிற்று, ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்கள் என்றார். செய்துவிட்டார்கள்.

அடுத்த தடவை சென்னையிலிருந்தே போகலாம் என்கிறாள். பச்சையாக மின்னுகிற தண்ணீர் இன்னும் பாக்கி இருக்கிறதாம். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை செய்யவேண்டும் என்று ஈ.சி.எச்.எஸ்.-இல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஜனவரியில் தேதி. அதற்குப் பிறகு படி ஏற ஆறு மாதமாவது ஆகுமாம். ஆகவே டிசம்பருக்குள் ஏதாவது முடிவு சொன்னால் நாங்கள் டிக்கெட் பார்க்கச் சௌகரியமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஓய்வுபெற்ற பெட்டி ஆபீசர்,
தாம்பரம்